ஒரு லோடு மணலும் கொள்ளிடம் மேலணையும்

படிச்சது சிவில், பிழைப்புக்கு பொட்டி தட்டறது. அம்பத்தூர்ல எங்க வீட்டுக்கு மாடி எடுத்தப்போ வாசல்ல ஒரு லோடு ஆத்து மணல் இறக்கினாங்க. ஏறி நின்னா கால் புதைஞ்சு மணல் பக்கவாட்டுல சரிஞ்சுது. அதே மணலை சிமெண்ட் சாக்குல இறுக்கிக் கட்டி மேல நின்னேன். அசையலை! மணல் தாங்குமாங்கறது எடையில மட்டும் இல்லை. எந்தத் திசையில அழுத்தறோம், பக்கத்துல அதைப் பிடிச்சுக்க என்ன இருக்கு, அதுலயும் இருக்கு.

செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணின இந்த விஷயத்துக்கு நம்ம ஊர்ல பெரிய சரித்திரமே உண்டு மக்களே.

கரிகாலன் பேர் சொல்லும் கல்லணை நிற்பது மணல் மேல்தான். பெரிய கல்லைப் போட்டா தண்ணி அடிமணலை அரிக்கும், கல் இறங்கும். அது மேல இன்னொரு கல், இறங்காம நிக்கிற வரைக்கும். ஆழம் தெரியாத மணல்ல அஸ்திவாரம் போடற வித்தையை இதைக் கட்டினவங்ககிட்டதான் கத்துக்கிட்டோம்னு ஆர்தர் காட்டனே பின்னாளில் சொன்னார். 1836-ல் முக்கொம்பில் அவர் கட்டிய மேலணையும், 1852-ல் முடித்த கோதாவரி தவளேஸ்வரம் அணையும் மணல் மேல் நின்றவைதான்.

அணைக்கு அடியில் இருக்கிற மணலுக்கு மூணு திசையிலும் அடி. அணையோட எடை கீழே அழுத்தும். தேங்கின தண்ணி பக்கவாட்டில் தள்ளும். அடியில் கசியற தண்ணி மறுபக்கம் வெளியே வரும்போது மணலை மேலே தூக்கும். முதலாவது மணலை இறுக்கும், நல்லது. மத்த ரெண்டும்தான் வில்லன்கள்.

இறுகின மணல் உருமாறணும்னா முதல்ல அது விரியணும்னு 1885-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் காட்டினார். மெரினாவில் ஈரமணல்ல கால் வெச்சா சுத்தி சட்டுனு காய்ஞ்ச மாதிரி வெளுக்குமே, அதுதான். மணல் விரிஞ்சு மேல இருந்த தண்ணியை உள்ளே இழுத்துக்குது. விரிய இடம் கொடுக்காத வரைக்கும் மணல் கல்லு மாதிரி.

2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, வெள்ளத்தில் மேலணையின் கொள்ளிடப் பக்கம் 9 மதகுகள் போயிடுச்சு. அணைக்கு வயசாயிடுச்சுன்னு ஒரு தரப்பு, மணல் அள்ளினதாலதான்னு இன்னொரு தரப்பு. தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. ஆனா கீழ்ப்பக்கம் படுகை தாழ்ந்தா, பிடிச்சு நிக்கிற மணலும் குறையும், தூக்கற தண்ணிக்கும் வழி சுலபமாகும். இது அரசியல் இல்லை, கணக்கு.

எங்க வாசல்ல கொட்டின லோடு எந்த ஆத்துதுன்னு அப்பா கேக்கலை. சிவில் படிச்ச நானும் கேக்கலை. ஏதோ ஒரு சாக்கை அவிழ்த்துவிட்டதுல எங்க வீட்டு மாடிக்கும் பங்கு இருக்கு.