ஆண்டான் – ஆள் சட்டம்: ஒரு வரலாற்று நோக்கு

உழைப்பவனுக்கும் உழைப்பிப்பவனுக்கும் இடையே உள்ள உறவை முறைப்படுத்த எழுந்ததே ஆண்டான் – ஆள் சட்டம் என்னும் வேலைச் சட்டமாகும். மன்னர்களின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் பாடமாகப் பயின்ற நம் இளைஞர்கள், இச்சட்டத்தின் வரலாற்றைப் பயின்றிருத்தல் அரிது. ஆயினும், நம் பாட்டனும் பூட்டனும் வாழ்ந்த வாழ்வைப் போர்க்களங்களைவிட மிகுதியாக ஆட்டிப் படைத்தது இச்சட்டமேயாகும். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் இதனை அறிந்துகொள்வது பொருத்தமுடையது.

இவ்வரலாறு முழுவதும் ஒரே வினாவைச் சுற்றிச் சுழல்கிறது. வேலைக்கு ஒப்புக்கொண்ட ஆள், வேலையை விட்டு நீங்கினால் அது கடன் வழக்கா? அன்றிக் குற்றமா? சொன்ன சொல் தவறிய வணிகனிடம் நட்டத்தொகை கேட்கலாம். அதற்கென அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில்லை. ஆனால், சொல் தவறிய கூலியாளைச் சிறைக்கு அனுப்பலாம் என்று பல நூற்றாண்டுகள் சட்டம் சொல்லிற்று. இந்த ஓரவஞ்சனை எங்ஙனம் பிறந்தது, எங்ஙனம் வீழ்ந்தது என்பதைக் காண்போம்.

இங்கிலாந்தில் பிறந்த சட்டம்

14ஆம் நூற்றாண்டின் இடையில் கொடிய கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களை வாரிக்கொண்டு போயிற்று. ஆட்கள் குறைந்தமையால் கூலி உயர்ந்தது. அதனைப் பொறாத அரசு 1349இல் ஓர் ஆணை பிறப்பித்தது. நோய்க்கு முன்பிருந்த கூலிக்கே வேலை செய்ய வேண்டும்; மறுப்பவருக்குச் சிறை என்றது அவ்வாணை. 1351ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மேலும் வலுவூட்டியது.

1823இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டு நீங்கும் ஆளுக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல் விதிக்கலாம். கூலி கொடாத முதலாளிக்கோ சிறையில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடு என்ற ஆணை மட்டுமே. ஒரே ஒப்பந்தம், தவறுவோன் ஏழையாயின் சிறை, செல்வனாயின் பணம்! 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர்மீது இவ்வகை வழக்குகள் தொடரப்பட்டன.

இதனை ஒழித்தது எது? முதலாளிகளின் இரக்கமன்று. தொழிற்சங்கங்கள் அயராது போராடின. 1867ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் நகரத் தொழிலாளர் பலர் வாக்குரிமை பெற்றனர். வாக்குக் கேட்டு வந்தவர்களால் அவர்தம் குறையைத் தட்டிக் கழிக்க இயலவில்லை. 1875இல் வேலை ஒப்பந்தத்தை மீறுதல் பெரும்பாலும் சிவில் வழக்காயிற்று. சட்டத்தின் பெயரும் மாறியது. 'எசமானனும் வேலைக்காரனும்' என்ற பழஞ்சொல் அகன்று, 'வேலை அளிப்போரும் தொழிலாளரும்' என்ற புதுச்சொல் ஏறியது.

நம் நாட்டில் நடந்தது

சென்னை மாகாணத்தில் பறையர், பள்ளர், புலையர், செறுமர் முதலிய நம் மக்களுள் பலர் நிலத்தோடு சேர்த்தும், சிலவிடங்களில் நிலமின்றித் தனித்தும் விற்கப்பட்டு வந்தனர். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவர் மற்றொருவருக்கு அடிமை என்னும் உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்கலாகாது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது.

ஏட்டில் விலங்கு அறுந்தது. ஆனால், நிலம் யாரிடம் இருந்தது? குடியிருந்த மனை யாருடையது? திருமணத்திற்கும் சாவிற்கும் கைநீட்டிய பணம் யாருடையது? எல்லாம் ஆண்டையுடையவை. அடிமை என்ற பெயர் போய், படியாள், பண்ணையாள் என்ற பெயர் நின்றது. செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டராயிருந்த டிரமென்கீர், 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் இந்நிலையை எடுத்துக்காட்டினார். அதன் பயனாகவே 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று கூறுவது அதுவேயாகும்.

1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம்

அடிமை முறையை நீதிமன்றம் ஏற்காது என்று அறிவித்துப் பதினாறே ஆண்டுகளில், அதே அரசு வேறொரு சட்டத்தை இயற்றியது. கைவினைஞரும் கூலியாளும் செய்யும் ஒப்பந்த மீறலைத் தண்டிக்கும் சட்டம் அது. கல்கத்தா வெள்ளை வணிகரின் வேண்டுகோளின்பேரில் பிறந்த இச்சட்டம், முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கென வந்து, பின்னர்ப் பிற இடங்களுக்கும் பரவியது.

அது செயற்பட்ட முறையைக் கூர்ந்து நோக்குக. ஆள் முன்பணம் பெற்றிருக்க வேண்டும். தக்க காரணமின்றி வேலைக்கு வர மறுத்திருக்க வேண்டும். எசமானன் மாஜிஸ்டிரேட்டிடம் முறையிடுவான். பணத்தைத் திருப்பித் தருவதா, வேலையைச் செய்து முடிப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை முறையிட்ட எசமானனுக்கே உண்டு, ஆளுக்கு இல்லை. ஆணைக்குப் பணியாதவனுக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல். ஆக, முன்பணம் என்பது வெறும் கடனன்று. அது காலிற் பூட்டிய தளையாயிற்று. மலைத்தோட்டங்களுக்கென 1903இல் சென்னை மாகாணம் இவ்வகையில் தனிச்சட்டமே இயற்றிக்கொண்டது.

கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்க் கூலிமக்களையும் இதே வலை தொடர்ந்தது. அங்கு 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டு நீங்கியவர் சிறை செல்ல நேர்ந்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கடன் தொகை குறித்த 'துண்டு' வேண்டும். அத்துண்டின்வழி ஆளும் அவன் கடனும் ஒன்றாகக் கைமாறின. 1921இல் துண்டு முறை ஒழிந்தது.

இங்கிலாந்து 1875இல் தன் மக்களுக்கு நீக்கிய தண்டனையை, அதே இங்கிலாந்து நம்மீது மேலும் ஐம்பதாண்டுகள் வைத்திருந்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1925இல் நிறைவேறி, 1926இல் நடைமுறைக்கு வந்தது.

அண்ணலின் வாதம்

சட்டம் போயினும் அதன் ஆவி போகவில்லை. 1938இல் பம்பாய் அரசு, முன்கூட்டிய சமரச நடவடிக்கையின்றி வேலைநிறுத்தம் செய்வதைத் தண்டிக்கும் மசோதாவைக் கொணர்ந்தது. சட்டமன்றத்தில் அதனை எதிர்த்து அண்ணல் அம்பேத்கர் ஆற்றிய உரையை நம் இளைஞர் ஒவ்வொருவரும் தேடிப் படித்தல் வேண்டும். வேலைநிறுத்தம் என்பது வேலை ஒப்பந்தத்தை மீறுவது மட்டுமே. அது சிவில் தவறேயன்றிக் குற்றமன்று. அதற்குச் சிறை விதித்தால், ஒருவனை அவன் விருப்பத்திற்கு மாறாக உழைக்க வைப்பதாகும். அதற்குப் பெயர் அடிமைத்தனம் என்பதே அவ்வுரையின் சாரம். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் பம்பாயில் நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் முன்னின்றது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு, கட்டாய உழைப்பைத் தடை செய்தது. ஆண்டான் – ஆள் வினாவிற்கு நாட்டின் தலையாய சட்டமே விடையிறுத்துவிட்டது.

ஆண்டானைக் கட்டிய சட்டங்கள்

இதன்பின் சட்டம் திசை திரும்பியது. 1952ஆம் ஆண்டுத் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், பண்ணையாளைக் காரணமின்றி நீக்கலாகாது என மிராசுதாரைக் கட்டியது. அதினின்று தப்பப் பண்ணையாட்களை நீக்கி, அன்றாடக் கூலிக்கு ஆள் வைத்த மிராசுதாரும் உண்டு. சட்டம் வந்துவிட்டால் போதாது. அதனைக் காக்க அமைப்பும் விழிப்பும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை முற்றிலும் தலைகீழாக்கியது எனலாம். அன்று முன்பணம் வாங்கிய ஆளுக்குச் சிறை; இன்று முன்பணத்தைக் காட்டி ஆளைக் கொத்தடிமையாக்குவோனுக்கு மூன்றாண்டு வரை சிறை. அன்று கடன் ஆளைக் கட்டியது. இன்று அக்கொத்தடிமைக் கடனே செல்லாது. அது கொத்தடிமைக் கடனன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவனையே சாரும். 1982இல் உச்ச நீதிமன்றம், டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், பசியின் நெருக்கடியும் கட்டாயமே என்றும், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் உழைப்பு கட்டாய உழைப்பே என்றும் தீர்ப்பளித்தது.

நாம் செய்ய வேண்டுவது

இளைஞர்களே! செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கல் குவாரிகளிலும் முன்பணத் தளை இன்றும் முற்றாக அறுபடவில்லை. "பணத்தை வைத்துவிட்டுப் போ" என்ற சொல்லுக்கு அஞ்சி நிற்கும் குடும்பங்கள் உள்ளன. சட்டம் தம் பக்கம் திரும்பியதை அவர்கள் அறியார். அதனை அறிவிக்கும் கடமை, எழுத்தறிந்த நம்முடையது.

வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்க வேண்டாமென்று சொல்லுங்கள். பெற்ற கூலியையும் முன்பணத்தையும் நாளிட்டுக் குறித்துவைக்கக் கற்றுக்கொடுங்கள். கொத்தடிமையாய் இருப்பவர் உண்டெனில், மாவட்ட ஆட்சியருக்கோ வருவாய்க் கோட்டாட்சியருக்கோ மனு எழுதிக் கொடுங்கள். விடுவிப்புச் சான்று கிடைக்கும்வரை உடன் செல்லுங்கள்.

ஆண்டானின் கையில் இருந்த சட்டம் ஆளின் கைக்கு வர அறுநூறு ஆண்டுகள் ஆயின. வந்த சட்டத்தைப் படித்துச் சொல்ல ஊருக்கு ஒருவரேனும் வேண்டும். அந்த ஒருவரை உருவாக்குவதற்கே கல்விச் சங்கங்கள் தோன்றின.