கூண்டுக்குள் அடங்கிய இரைச்சல்

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் இயந்திர இரைச்சலின் வரலாறு சுண்ணாம்புக்கல்லிலிருந்து தொடங்குகிறது. கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுச்சென்ற அந்தக் கல்லை நம்பி, பக்கத்து டால்மியாபுரத்தில் 1939இல் சிமெண்ட் ஆலை எழுந்தது. அரியலூரில் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை 1979இல் ஓடத் தொடங்கியது. பின்னர் ஆலத்தியூர், ரெட்டிப்பாளையம், தளவாய், கீழப்பழூர், தாமரைக்குளம் என ஆலைகள் பெருகின. கிணற்று மேட்டில் ஆயில் இஞ்சின் ஓடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அமைதியாக இருந்த மானாவாரி ஊர்களுக்கு, இரவு பகலாக ஓயாத ஓசை அப்போதுதான் அறிமுகமானது.

ஆலையில் எழும் சத்தம் ஒரே வகையானதல்ல. எஃகு உருளைக்குள் எஃகுக் குண்டுகள் புரண்டு கல்லை அரைக்கும் பழைய வகை அரைவை இயந்திரத்தின் அருகே ஓசை 100 டெசிபலைத் தாண்டும். சூளையிலிருந்து செந்தணலாக வரும் கிளிங்கரை ஆற்றும் பெரிய விசிறிகளும், மாவைக் குழாய்வழி தள்ளும் காற்று ஊதிகளும் வேறு சுருதியில் இரைகின்றன. மின்மாற்றிகள் எழுப்புவது தாழ்ந்த ரீங்காரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவற்றின் இரும்பு உள்ளகம் விநாடிக்கு நூறு முறை அதிர்வதால் அந்த ஓசை பிறக்கிறது. கணினிச் சேவையகங்களைக் குவித்து வைக்கும் தரவு மையங்களிலும் இன்று இரைச்சலுக்குக் காரணம் இதே குடும்பத்து இயந்திரங்கள்தாம்: குளிர்விக்கும் விசிறி, அழுத்தி, மின்மாற்றி, டீசல் ஜெனரேட்டர்.

தொடக்ககாலச் சட்டம் ஆலையின் வாசலோடு நின்றுவிட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் தொழிலாளியின் காதைக் கருதின. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்ற வரம்பு வந்தது. இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் மதிலுக்கு வெளியே திண்ணையில் படுத்திருப்பவரின் உறக்கத்துக்கு அதில் இடமில்லை. இரவில் தரையோரக் காற்று குளிர்ந்தும் அதற்கு மேலேயுள்ள காற்று வெப்பமாகவும் இருக்கும்போது ஓசை கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் செல்லும். பகலில் காதில் விழாத விசிறி ஓசை நள்ளிரவில் அடுத்த ஊர்வரை கேட்பது இதனால்தான்.

அந்த இடைவெளியை அடைக்கும் வேலை 1980களின் இறுதியில் தொடங்கியது. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1987இல் செய்த திருத்தம், இரைச்சலையும் காற்றை மாசுபடுத்தும் பொருளாகச் சேர்த்தது. 2000 பிப்ரவரியில் வந்த இரைச்சல் மாசு விதிகள் இடத்தையும் நேரத்தையும் பிரித்தன. தொழிற்பகுதிக்குப் பகலில் 75 டெசிபல், இரவில் 70. குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்கு அமைதி மண்டலம். டெசிபல் மடக்கை அளவு என்பதால் இந்த எண்களின் இடைவெளி பார்வைக்குத் தெரிவதைவிடப் பெரியது. 70க்கும் 45க்கும் இடையே ஒலியின் ஆற்றல் முந்நூறு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. ஆலையும் ஊரும் ஒரே வேலியைப் பகிரும் இடங்களில் இந்த விதி திணறியதில் வியப்பில்லை. அதோடு, யாராவது புகார் கொடுத்தால்தான் அது விழித்துக்கொள்ளும்.

இரைச்சலே எழாதபடி கருவியை வடிவமைத்த நிகழ்வு ஒன்றும் இதே காலத்தில் உண்டு. அதற்குரிய மதிப்பு இன்னும் அதற்குக் கிடைக்கவில்லை. பழைய தொலைபேசி நிலையங்களுக்குப் பெரும்பாலும் குளிர்பதனக் கருவியும் இஞ்சின் ஆல்டர்னேட்டரும் தேவைப்பட்டன. 1984இல் தொடங்கிய அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் கிராமங்களுக்கென வடிவமைத்த 128 இணைப்புக் கொண்ட மின்னணு நிலையம், குளிர்பதனம் இல்லாமலே புழுதியிலும் வெயிலிலும் இயங்கியது. கர்நாடகத்தின் கிட்டூரில் 1986இல் முதன்முதலாக நிறுவப்பட்ட அந்த வகை, நாடெங்கும் கிராமங்களுக்குப் பரவியது. குளிர்விக்க வேண்டிய வெப்பம் குறைந்தால் விசிறி குறையும், விசிறி குறைந்தால் சத்தமும் குறையும். இரைச்சலைக் கட்டுப்படுத்தும் வழிகளில் இதைவிடச் சிறந்தது இல்லை.

கைப்பேசிக் கோபுரங்கள் இதற்கு நேர்மாறான பாதையில் வந்தன. ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் கருவிகள் நிறைந்த சிறு அறை, அதற்கு ஏசி, மின்கலம், டீசல் ஜெனரேட்டர் என்று, குட்டித் தரவு மையங்களாகவே அவை ஊர்களுக்குள் முளைத்தன. கூடவே மின்வெட்டும் வந்து சேர்ந்தது. 2008 தொடங்கி ஏறத்தாழ 2014 வரை தமிழகம் கடும் மின்பற்றாக்குறையில் தவித்தது. கரண்ட் போன மறுநிமிடம் கடைவீதி, மண்டபம், மருத்துவமனை, வங்கி என எங்கும் ஜெனரேட்டர் அலறிய ஆண்டுகள் அவை.

அந்த அலறல் ஓரளவாவது தாங்கும்படி இருந்ததற்குக் காரணம், அதற்கு முன்பே வந்துவிட்ட ஒரு விதி. 2002 மே மாத அறிவிக்கையின்படி, 1,000 கேவிஏ வரையிலான புதிய டீசல் ஜெனரேட்டரின் சத்தம் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மிகக்கூடாது. 2005 ஜனவரி 1 முதல் தயாரானவை அனைத்துக்கும் இது கட்டாயமானது. புணேயின் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் (ஆராய்), பாலக்காட்டின் திரவக் கட்டுப்பாட்டு ஆய்வு நிறுவனம் போன்ற சோதனைக்கூடங்கள் சான்றளித்த பிறகே ஜெனரேட்டரை விற்க முடியும். பொறுப்பு வாங்குபவரிடமிருந்து செய்பவரிடம் போய்ச் சேர்ந்ததே இந்த விதியின் வலிமை. ‘சைலண்ட் ஜெனரேட்டர்’ என்ற பெயர் கடைவீதிக்கு வந்தது இப்படித்தான்.

கூண்டின் அமைப்பு எளிமையானது. வெளியே எஃகுத் தகடு, உள்ளே கல்கம்பளி அடுக்கு, அதை மூடும் துளைத் தகடு, கதவு விளிம்பில் ரப்பர் பட்டை, இஞ்சினுக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் மெத்தை, புகைக்குழாயில் சைலன்சர். காற்று உள்ளே வரவும் சூடு வெளியேறவும் விட்ட வழிகளில் ஓசை நேராகப் பாயாதபடி வளைந்த தடுப்புகள் உண்டு. ஒரு கதவைத் திறந்துவைத்தால் இத்தனையும் வீண். சித்திரை வெயிலில் இஞ்சின் சூடேறுகிறதென்று கதவைத் திறந்துபோடும் வழக்கம் சட்டத்தின் பலனைப் பாதியாகக் குறைத்தது. 2005க்கு முன் வாங்கிய திறந்தவெளி இஞ்சின்களும் தேய்ந்து ஓயும்வரை ஓடின.

ஆலைகளிலும் மாற்றம் படிப்படியாக வந்தது. குண்டு புரளும் அரைவைக்குப் பதில் உருளைகள் அழுத்தி அரைக்கும் செங்குத்து இயந்திரம் வந்தது. ஊதிகளின் காற்று நுழைவாயிலில் சைலன்சர் பொருத்தினார்கள். பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தையும் சேர்த்து மிச்சப்படுத்தியது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். குளிர்விக்கும் கருவிகளுக்கும் இதே கணக்குதான்.

தமிழக அரசு தரவு மையக் கொள்கையை 2021இல் வெளியிட்டது. பெரிய மையங்கள் இன்று சென்னையின் அம்பத்தூர், சிறுசேரிப் பக்கமே குவிந்துள்ளன. அமெரிக்காவின் அரிசோனாவில், சாண்ட்லர் நகரத்தில் தரவு மையக் குளிர்விப்பான்களின் ஓயாத ரீங்காரத்தைப் பற்றி மக்கள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். தரவு மையங்களுக்கெனத் தனி விதியை நகர மன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. கட்டி முடித்த பின் சத்தத்தை அடக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு அது சான்று. பெரம்பலூர், அரியலூர் பக்கம் அத்தகைய மையம் ஒன்று வருமானால், இரவு 45 டெசிபல் என்ற கணக்கு வரைபடத்திலேயே இருந்தாக வேண்டும். பெரிய தரவு மையங்களின் ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் 1,000 கேவிஏவைத் தாண்டியவை. 2002ஆம் ஆண்டு விதியின் தொழிற்சாலைச் சான்று அந்த அளவோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேற்பட்ட இஞ்சின்களுக்குக் குறைந்தது 25 டெசிபலைக் குறைக்கும் அறையோ கூண்டோ அமைக்கும் பொறுப்பு, அவற்றை நிறுவுபவரையே சேரும்.