பரிசுத்தமாக்குறது யார் வேலை? வேப்பேரி, 1833

நான் பேசுறது எம்.கே.பி. நகர்ல இருந்து. இங்கிருந்து புளியந்தோப்பு, புரசைவாக்கம் தாண்டினா வேப்பேரி. சர்ச்சுக்குள்ள யார் எங்க உட்காரணும்ங்கிற கேள்வி அங்க ஒரு பெரிய இறையியல் கேள்வியா மாறுச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல ரெண்டு சொல். ஒருத்தர் விசுவாசிச்சதும் கடவுள் அவரை ஏத்துக்கிறார். இது 'நீதிமானாக்கப்படுதல்', ஒரே தடவையில முடிஞ்சிடும். அதுக்கப்புறம் அவரோட குணத்தையும் நடத்தையையும் வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துறார். இது 'பரிசுத்தமாக்கப்படுதல்'. புராட்டஸ்டன்ட் போதனைப்படி ரெண்டுமே கடவுளோட வேலை.

சரி, ஞானஸ்நானம் வாங்கினவர்கிட்ட சாதி இன்னும் இருந்தா?

வேப்பேரியில 18-ம் நூற்றாண்டுல வேலை செஞ்ச ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகள் அதைப் பெருசா எதிர்க்கலை. ஆராதனையில தனித்தனி இடம் தொடர்ந்துச்சு. பிறகு மிஷன் ஆங்கிலிக்கன் கைக்கு வந்தது. 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: சபைக்குள்ள சாதி வேறுபாடு உடனே, முழுசா ஒழியணும். உட்கார்ற இடத்துல மட்டுமில்ல, நற்கருணையிலயும்.

வேப்பேரியிலயும் தஞ்சாவூர்லயும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினாங்க. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ஏற்கெனவே 1820-கள்லயே இப்படிப்பட்ட மாற்றங்களை எதிர்த்து எழுதினவர். சாதி உலக வழக்கம், மதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைங்கிறது அவர் தரப்பு. வில்சனோட இங்கிலாந்துலயும் அப்போ சர்ச் இருக்கைக்கு வாடகை கட்டி வசதியானவங்க முன்னாடி உட்கார்ந்தாங்க, அதையும் மறக்க வேண்டாம்.

வெளியேறினவங்கள்ல சிலர் பிறகு லீப்சிக் லுத்தரன் மிஷன்ல சேர்ந்தாங்க. அதோட தலைவர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மன்ல மொழிபெயர்த்தவர். சட்டம் போட்டு மனசை மாத்த முடியாது, சுவிசேஷம் உள்ளேயிருந்து மெதுவா மாத்தும்னு அவர் சொன்னார். 1850-ல மெட்ராஸ் மிஷனரிகள் சாதிக்கு எதிரா கூட்டறிக்கை விட்டப்போ லீப்சிக் மட்டும் அதுல சேரலை.

கேக்க கிரவுல் சொல்றது சரியான கோட்பாடு மாதிரியே இருக்கு. ஆனா அந்த 'மெதுவா'வுக்கு விலை கொடுத்தது யாரு? தனியா உட்கார வைக்கப்பட்ட தலித் கிறிஸ்தவர்கள். ஆபீஸ்ல யாருக்கோ வலிக்கிற பிரச்சினையை 'அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்'னு தள்ளிப் போடுறது, அந்த வலி இல்லாதவங்கதான்.

பிலிப்பியருக்கு எழுதின கடிதத்தோட 2-ம் அதிகாரத்துல பவுல் ரெண்டையும் அடுத்தடுத்த வசனத்துல வைக்கிறார்: நீங்க பயத்தோட உழையுங்க, ஏன்னா உங்களுக்குள்ள வேலை செய்யறது கடவுள். அவர் வேலை செய்யறார்ங்கிறது நாம எழுந்து செய்யறதுக்கான காரணம், உட்கார்ந்து காத்திருக்கறதுக்கான சாக்கு இல்லை. கடவுள் ஒருத்தரை மாத்திட்டு இருக்கார்னா, அது முதல்ல தெரிய வேண்டிய இடம் அவர் பக்கத்துல யாரை உட்கார விடுறார்ங்கிறதுதான்.

வில்சனோட உத்தரவு இருக்கையை மாத்துச்சு, எல்லார் மனசையும் மாத்தலைன்னு வரலாறு காட்டுது. ஆனா இருக்கை மாறினதுக்காக அந்த ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் நிம்மதியா மூச்சு விட்டிருப்பார். எனக்கு அது சின்ன விஷயமா தெரியலை. உங்களுக்கு என்ன தோணுது? எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.