மந்தக் காலமும் வேலையிழந்தோரும்

வணிகம் தழைத்த காலத்தை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். அது நலிந்தபோது வேலையிழந்து வீடு திரும்பியவரைப் பற்றிச் சில வரிகளோடு நிறுத்திவிடும். ஊர்விட்டு ஊர் வந்து மாதச் சம்பளத்தை நம்பிக் குடித்தனம் நடத்தும் நமக்கு அச்சில வரிகளே முக்கியமானவை. ஆதலின் அவற்றைச் சற்று விரித்து நோக்குவோம்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதன் அதிர்ச்சி விரைவிலேயே நம் நாட்டு உழவன் வீடுவரை எட்டியது. நெல், பருத்தி, நிலக்கடலை முதலியவற்றின் விலை வீழ்ந்தது. விலை வீழவே சரக்குப் போக்குவரத்துச் சுருங்கியது. சரக்குச் சுருங்கவே இரயில்வேக்களின் வருமானம் குன்றியது. வருமானம் குன்றியதும் நிர்வாகங்கள் கைவைத்தது தொழிலாளியின் வேலையில்தான். கடல் கடந்த தமிழரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. ரப்பர் விலை வீழ்ந்தமையால், 1930 முதல் 1932 வரை மலாயாத் தோட்டங்களிலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழரே.

சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் பாதை அந்நாளில் மதராஸ் சதர்ன் மராட்டா இரயில்வேயின் வசம் இருந்தது. ஜோலார்ப்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு 1864-இல் திறக்கப்பட்ட இப்பாதையின் வழியாகவே நம் முன்னோர் பலர் இந்நகரை அடைந்தனர். அந்த இரயில்வேக்குரிய பெரம்பூர்த் தொழிற்சாலையில் ஆட்குறைப்பை எதிர்த்து 1932-இல் வேலைநிறுத்தம் எழுந்தது. அதற்கு முந்திய ஆண்டே, நாடெங்கும் இரயில்வேக்களில் நடந்த ஆட்குறைப்பை ஆராய அரசாங்கம் ஒரு விசாரணை மன்றத்தை அமைத்திருந்தது. எனினும், நீக்கப்பட்டவருக்கு இழப்பீடு தந்தே ஆகவேண்டும் என்று விதிக்கும் சட்டம் ஒன்றும் அந்நாளில் இல்லை. நிர்வாகம் மனமுவந்து கொடுத்ததே கொடை. கொடாவிடில் கேட்பார் இல்லை.

இந்நிலையைக் கண்கூடாகக் கண்டவர் திரு. வி. வி. கிரி அவர்கள். அகில இந்திய இரயில்வே ஊழியர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான இவர், ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டங்களில் முன்னின்றவர். சுதந்திரம் பெற்றபின், 1952-இல், இவரே மத்திய அரசின் தொழிலமைச்சரானார். அடுத்த ஆண்டே பஞ்சாலைகளில் துணி விலை போகாமல் தேங்கியது. ஆலைகள் ஆட்களை நிறுத்தக்கூடும் என்ற அச்சம் பரவியது. இம்முறை சட்டம் முந்திக்கொண்டது. 1953 அக்டோபரில் ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. பின்னர் அது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்திற்குத் திருத்தமாகியது.

அத்திருத்தம் அளித்த உரிமைகள் யாவை? வேலையில்லை என்று தற்காலிகமாக நிறுத்தப்பட்டவருக்குப் பாதிச் சம்பளம். அடியோடு நீக்கப்படுபவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு. பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம். கடைசியில் சேர்ந்தவரே முதலில் நீங்கவேண்டும் என்னும் முறை. மீண்டும் ஆள் எடுக்குங்கால் நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை. திரு. கிரி அவர்கள் 1965 முதல் 1967 வரை மைசூர் இராஜ்யத்தின் கவர்னராக இந்நகரிலேயே வாழ்ந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். பழைய சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. அதிலும் இப்பதினைந்து நாள் கணக்கு நிலைபெற்றுள்ளது.

ஆயினும், இழப்பீடு வேறு, வேலை வேறு. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று மாரிக்குப்பத்திலிருந்து விடியற்கால வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவு வீடு திரும்புகின்றனர். இழப்பீட்டுப் பணம் சில மாத அரிசிக்கு ஆகலாம். ஓர் ஊரின் தொழிலை அது மீட்டுத் தராது.

மேலும், சட்டத்தின் பாதுகாப்பு ஏட்டில் பெயர் உள்ளவருக்கே எளிதில் கிட்டும். ஓராண்டில் 240 நாள் பணிபுரிந்தமைக்குச் சான்று காட்டவேண்டும். கண்டிராக்டரிடம் கையெழுத்தின்றிக் கூலி பெறுபவர் அதை எங்ஙனம் காட்டுவார்? ஆகவே நம் காலனி இளைஞர்கள், ஆலையாயினும் கணினிக் கம்பெனியாயினும், நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் வருங்கால வைப்புநிதிக் கணக்கையும் பத்திரமாகப் பேணுதல் வேண்டும். கடிதம் தராத இடத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

சங்கத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. மந்தத்தால் வேலையிழந்தவர் குற்றம் புரிந்தவர் அல்லர். நியூயார்க்கில் சரிந்த சந்தைக்கு மலாயாவில் பால்மரம் வெட்டியவன் என்ன செய்வான்? அத்தகையவர் நம்மிடையே இருப்பின், ஏன் வேலை போயிற்று என்று வினவுவதை விடுத்து, எங்கே வேலை உள்ளது என்று சொல்வோமாக. பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட முடியாத வீட்டைக் கண்டறிந்து, பிறர் அறியாவண்ணம் உதவுவோமாக. சட்டம் வருவதற்கு முன்பும் தொழிலாளியைத் தாங்கியது இவ்வுறவே. சட்டம் எட்டாத இடத்தில் இன்றும் தாங்கவேண்டியது இதுவே.