நம்பிக்கை பிறவித் தேவையா?

தெய்வ நம்பிக்கை மனிதனுக்குப் பிறவியிலேயே வாய்த்த தேவையா என்னும் வினாவுக்குக் கொழும்பு மாநகரே இருவேறு சான்றுகளைத் தருகின்றது.

1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்தனர். 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் இரவலர் வேடம் பூண்டே யாழ்ப்பாணம் வர நேர்ந்தது. ஆயினும் வழிபாடு அற்றுப்போகவில்லை. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் செவ்வாய்தோறும் சைவரும் பௌத்தருங்கூட மெழுகுதிரி ஏற்றுகின்றனர். 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்துப் பலர் மாண்ட ஆலயம் அது. சூன் 12இல் அதன் கதவுகள் மீண்டும் திறந்தபோது, அஞ்சி ஒதுங்காது மக்கள் வந்தனர்.

வெள்ளவத்தைப் பக்கமோ வேறு கதை. பாமன்கடையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் குருவானவர் ஒருவரின் மைந்தர், தாவரவியல் ஆசிரியர், தெய்வ நம்பிக்கை அறவே அற்றவர். மோசடிக்கு இடமின்றி அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோர்க்கு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் மறையும்வரை எவரும் அதனைப் பெற்றிலர்.

எனவே நம்பிக்கையைப் பிறவித் தேவை என்று சொல்ல நான் தயங்குகின்றேன். துயரைக் கேட்க ஒரு செவி வேண்டுமென்பதே அத்தேவை போலும். பேய் பிடித்ததென்று நடுங்கி வந்தோரைக் கோவூரும் வெறுங்கையுடன் அனுப்பவில்லை. அருகே அமர்த்தி, அவர்தம் கதையைப் பொறுமையுடன் கேட்டு, மனோவசிய முறையால் அச்சம் தெளிவித்தே அனுப்பினார்.