டைமிங் பெல்ட் மாற்றும்போது கூடவே எதை மாற்றுவது, எதை விடுவது?

டைமிங் பெல்ட் மாற்றுவதற்காகக் காலையில் காரை வொர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்போம். பத்து மணி வாக்கில் போர்மேனிடமிருந்து போன் வரும். "அண்ணே, கவரைத் திறந்துட்டேன். டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் சீல் எல்லாம் சேர்த்தே மாத்திடலாமா? செலவு கொஞ்சம் கூடும்."

சரி என்றால் ஏமாறுகிறோமோ என்ற சந்தேகம். வேண்டாம் என்றால் நடுரோட்டில் நின்றுவிடுமோ என்ற பயம். வீட்டுக்கு ஒரே கார், அதுவும் டவுனுக்குத் தொலைவில் தோட்டத்தில் வசிப்பவர் என்றால் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. அந்த போன் வருவதற்கு முன்பே சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில், உங்கள் காரில் இருப்பது பெல்ட்டா, செயினா? பெரோடுவா மைவி, ஆக்சியா, டொயோட்டா வியோஸ் ஆகியவற்றில் செயின்தான். அவற்றுக்கு இந்தச் செலவே இல்லை. பழைய கான்சில், வீரா, கெம்ப்ரோ எஞ்சின் பொருத்திய சாகா போன்றவற்றில் ரப்பர் பெல்ட். தோட்டங்களில் அதிகம் ஓடும் ஹைலக்ஸ் 2.5 டீசலிலும் பெல்ட்தான்.

பிஸ்டன் மேலும் கீழும் போகும் கணக்குக்கு ஏற்ப வால்வுகள் திறந்து மூட வேண்டும். கீழே இருக்கும் கிராங்க்‌ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் மேலே இருக்கும் கேம்ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். இரண்டையும் கட்டி வைத்திருப்பது இந்த ஒரு பெல்ட்தான். ஓடும்போது அது அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும். பல எஞ்சின்களில் மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வை இடித்து வளைத்தும் விடும். பிறகு சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான். பழைய கார் என்றால், அதை ரிப்பேர் செய்யும் செலவு காரின் விலையையே நெருங்கிவிடும்.

மாற்றும் காலம் காருக்குக் கார் வேறுபடும். பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 60,000 முதல் 100,000 கிலோமீட்டர் வரை சொல்வார்கள். சர்வீஸ் புத்தகத்தில் இருப்பதே சரியான கணக்கு. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிறது. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கும் காரில்கூட, ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் பெல்ட்டை நம்ப முடியாது. செகண்ட் ஹேண்ட் காராக வாங்கி, எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீதோ ஸ்டிக்கரோ இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி போர்மேனின் கேள்விக்கு வருவோம். பில்லில் பெல்ட்டின் விலை சிறியது, கூலிதான் பெரியது. ஃபேன் பெல்ட்டுகளைக் கழற்றி, கிராங்க் புல்லியை எடுத்து, பல கார்களில் எஞ்சினை ஜாக்கியில் தாங்கி ஒரு பக்க மவுண்டிங்கையும் அவிழ்த்த பிறகுதான் பெல்ட் கண்ணில் படும். ஆகவே எந்தப் பொருளைச் சொன்னாலும் இரண்டே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது பிறகு கெட்டால் இதே கவரை மறுபடியும் திறக்க வேண்டுமா? இது கெட்டால் புது பெல்ட்டையும் சேர்த்துக் கெடுக்குமா? இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் இப்போதே மாற்றுவதுதான் லாபம்.

டென்ஷனரும் ஐட்லரும் அப்படிப்பட்டவை. பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பதும் வழிநடத்துவதும் இந்தச் சிறு உருளைகளே. கேம்ஷாஃப்ட்டைவிட வேகமாகச் சுற்றுபவை. உள்ளே இருக்கும் பேரிங்குக்குப் பிறகு கிரீஸ் போட வழியில்லை. கையால் சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஆட்டினால் ஆடினாலோ அதன் கதை முடிந்தது. சத்தமே இல்லாவிட்டாலும், ஒரு பெல்ட்டின் காலம் முழுக்க ஓடிய பேரிங் இன்னொரு பெல்ட்டின் காலத்தையும் தாங்கும் என்று எந்தப் போர்மேனும் உத்தரவாதம் தரமாட்டார். பேரிங் இறுகிப் போனால் புது பெல்ட் ஒரே வாரத்தில்கூட அறுந்துவிடலாம். இதில் பேரம் வேண்டாம்.

வாட்டர் பம்பில்தான் அதிகம் வாக்குவாதம் நடக்கும். சில எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டே பம்பைச் சுற்றும். வேறு சிலவற்றில் ஃபேன் பெல்ட் சுற்றினாலும், பம்பைக் கழற்ற டைமிங் கவரைத் திறந்தே ஆக வேண்டும். உங்கள் கார் எந்த வகை என்று கேளுங்கள். இரண்டில் எதுவானாலும், 100,000 கிலோமீட்டரை நெருங்கிய பம்பை விட்டுவைப்பதில் அர்த்தமில்லை. பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவம் இருந்தால் சீல் கசிய ஆரம்பித்துவிட்டது. ரேடியேட்டரில் கூலண்ட் ஊற்றாமல் பைப் தண்ணீரையே ஊற்றி ஓட்டுபவர்கள் நம்மில் நிறைய. அப்படி ஓடிய காரின் பம்ப் உள்ளே துருப்பிடித்திருக்கும், யோசிக்காமல் மாற்றுங்கள். பம்ப் மாற்றினால் கூலண்டும் புதிதாக ஊற்ற வேண்டும் என்பதால் பில்லில் அது இருப்பது நியாயமே.

எங்கள் வீட்டு வீராவில் அப்பா இந்தப் பம்பில்தான் மிச்சம் பிடித்தார். "சொட்டுத் தண்ணி ஒழுகல, அப்புறம் பார்க்கலாம்" என்றார். எட்டு மாதம் கழித்து, ஈப்போவுக்குப் போகும் வழியில் தாப்பாவைத் தாண்டியதும் சூட்டு முள் ஏறியது. இழுவை வண்டிக்கு ஒரு காசு. பிறகு அதே கவரைத் திறக்க இன்னொரு முறை கூலி. நனைந்துவிட்டதால் எட்டு மாதப் பெல்ட்டையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. போர்மேன் முன்பே சொன்னார், நாங்கள்தான் கேட்கவில்லை.

ஆயில் சீல்கள் விலை மலிவு. கேம்ஷாஃப்ட்டின் முனையிலும் கிராங்க்‌ஷாஃப்ட்டின் முனையிலும் இருக்கும் இந்த ரப்பர் வளையங்கள் சூட்டில் கெட்டியாகிக் கசியும். எஞ்சின் ஆயில் பட்டால் பெல்ட்டின் ரப்பர் ஊறிப் பிய்ந்துவிடும். ஈரம் தெரிந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும். முழுக்க உலர்ந்திருந்தால் சில போர்மேன்கள் தொட மறுப்பார்கள்; சீலை நெம்பி எடுக்கும்போது ஷாஃப்ட்டில் கீறல் விழுந்தால் இல்லாத கசிவு வந்துவிடும் என்பது அவர்களின் பயம். அதுவும் நியாயம்தான். பத்து வருடம் தாண்டிய கார் என்றால், கை பழகிய போர்மேனிடம் கொடுத்து மாற்றிவிடுவதே என் கணக்கு.

கழற்றியே ஆக வேண்டிய ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு தெரிந்தால் புதிதாகவே மாட்டச் சொல்லுங்கள். அவிழ்த்த எஞ்சின் மவுண்டிங்கில் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதுவே நேரம். பொருள் விலை மட்டும்தான், கூலி பெரிதாகக் கூடாது. கிராங்க் புல்லிக்கு நடுவே ரப்பர் வளையம் உள்ள கார்களில் அதையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லலாம்.

ஸ்பார்க் பிளக், கசியாத வால்வ் கவர் கேஸ்கெட், இன்ஜெக்டர் கிளீனிங், எஞ்சின் ஃபிளஷ் எதுவும் அந்தக் கவருக்குப் பின்னால் இல்லை. தேவை வரும்போது தனியாகச் செய்துகொள்ளலாம். தெர்மோஸ்டாட் இடைப்பட்ட ரகம். கூலண்ட் இறக்கும் நாளிலேயே மாற்றினால் கொஞ்சம் வேலை மிச்சம், அவ்வளவுதான்.

காசு முடை என்றால் ஹாஃப்-கட் கடைக்குப் போகத் தோன்றும். கவர், பிராக்கெட் போன்றவற்றை அங்கே வாங்கலாம். டென்ஷனரும் பம்பும் மட்டும் வேண்டாம். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. பெல்ட், டென்ஷனர், ஐட்லர் மூன்றும் ஒரே பெட்டியில் செட்டாகக் கிடைக்கின்றன. ஒரிஜினல் விலை கட்டுப்படியாகாவிட்டால் கேட்ஸ், பாண்டோ போன்ற பெயருள்ள பெல்ட்டும், ஐசின் போன்ற பம்பும் போதும். ஆனால் போலிகளும் உலவுவதால் பெட்டியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பது முறை. "சுத்திப் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டால் நல்ல போர்மேன் கோபித்துக்கொள்ள மாட்டார். பழைய பொருள்களையும் கேட்டு வாங்குங்கள். ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் 150,000 கிலோமீட்டரில் எரியும் டி-பெல்ட் விளக்கை ரீசெட் செய்யச் சொல்ல மறக்கக் கூடாது. இல்லையென்றால் அடுத்த கணக்கு தப்பிவிடும். தேதியையும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, பானட்டைத் திறந்தால் தெரியும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.