‘ஜாதி’: ஒரு மொழியில் சாதி, இன்னொரு மொழியில் தேசம்

வங்கதேச நாளிதழ்களில் ‘ஜாதிசங்க’ என்ற சொல் அன்றாடம் அச்சாகிறது. அதைக் காணும் தமிழ் வாசகர் ஏதோ ஒரு சாதிச் சங்கத்தைப் பற்றிய செய்தி என்றே கருதக்கூடும். அச்சொல் குறிப்பதோ ஐக்கிய நாடுகள் அவையை. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பெயர் ‘ஜாதீய சங்சத்’. தெலுங்கர்களுக்குக் காந்தியடிகள் ‘ஜாதிபித’. தமிழில் அவர் தேசப்பிதா, இந்தியில் ‘ராஷ்ட்ரபிதா’. மக்களை மேல் கீழ் என அடுக்கும் அமைப்புக்கு ஒரு மொழியில் பெயராக நிற்கும் வடசொல், மற்றொரு மொழியில் அவர்களை ஒன்றெனக் கொள்ளும் தேசத்துக்குப் பெயரானது எவ்வாறு?

‘ஜாதி’ என்பதன் வேர் பிறத்தலைக் குறிக்கும் ‘ஜன்’. பிறப்பு, பிறப்பால் அமைந்த வகை என்பவையே அதன் பழம்பொருள்கள். தொல்காப்பிய மரபியலிலும் ‘சாதி’ நீர்வாழ் உயிர்களின் வகையைச் சுட்டவே வருகிறது. ‘நேஷன்’ என்ற ஐரோப்பியச் சொல்லின் இலத்தீன் மூலமும் பிறத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து கிளைத்ததுதான். இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் வழிவந்தவை. எனவே ‘நேஷ’னுக்கு ‘ஜாதி’யைத் தேர்ந்த மொழிகளைச் சொற்பிறப்பியல் நோக்கில் பிழைகூற இயலாது.

19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் அத்தேர்வு நிகழ்ந்தது. 1867இல் கல்கத்தாவில் நவகோபால் மித்ரரின் முயற்சியால் தொடங்கிய இந்து மேளாவுக்கு ‘ஜாதீய மேளா’ என்ற பெயரும் வழங்கியது. இந்து என்பதும் தேசம் என்பதும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்க முடிந்ததை இவ்விரு பெயர்களே காட்டுகின்றன. 1906இல் சுதேசி இயக்கத்தின் அலையில் தோன்றிய ‘ஜாதீய சிக்ஷா பரிஷத்’ தேசியக் கல்விக் கழகமாகும். பின்னாளைய ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் முன்னோடி அதுவே.

ஒரு மொழியில் இச்சொல் எப்பொருளை ஏற்கும் என்பதில், அம்மொழியில் சாதிப் பிரிவுக்கு வேறு சொல் இருந்ததா என்பதற்கும் பங்குண்டு எனலாம். தெலுங்கில் அதற்குக் ‘குலம்’ இருந்தது. சிங்களத்தில் ‘குலய’ இருந்தது. வங்காளியின் பேச்சு வழக்கில் திரிந்த வடிவமான ‘ஜாத்’ சாதியைச் சுமந்ததால், திரியாத ‘ஜாதி’ தேசத்தைச் சுமக்க இடம் கிடைத்தது. தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் சாதிப் பிரிவின் பெயராகவே இச்சொல் வேரூன்றியிருந்தது. தேசத்துக்கு வேறு சொற்கள் வந்தன. இந்தியில் ராம்விலாஸ் சர்மா இந்தி பேசும் மக்களைத் தனித் தேசிய இனமாகக் கருதி ‘ஹிந்தி ஜாதி’ என்று எழுதியபோது, அன்றாட வழக்கில் சாதியையே குறித்த சொல்லுக்கு வேறொரு பொருளை ஏற்ற வேண்டியிருந்தது.

இவ்வேறுபாடு அரசமைப்புச் சட்டங்களிலும் பதிவாகியுள்ளது. இந்திய அரசமைப்பின் 15ஆம் உறுப்பும் வங்கதேச அரசமைப்பின் 28ஆம் உறுப்பும் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கின்றன. இந்தி வாசகத்தில் சாதிக்கு ‘ஜாதி’ என்றே உள்ளது. வங்கதேசத்தின் வங்காளி வாசகத்தில் அவ்விடத்தில் இருப்பது ‘வர்ண’. அங்கே ‘ஜாதி’ தேசத்துக்குரியதாகிவிட்டது.

ஆயினும் பிறப்பு என்ற பழம்பொருள் அச்சொல்லை விட்டு முற்றிலும் நீங்கவில்லை. 1972இல் வங்கதேசத்தின் அரசமைப்பு வகுக்கப்பட்டபோது, குடிமக்கள் அனைவரும் ‘வங்காளி’ என அறியப்படுவர் என்ற ஏற்பாட்டைச் சிட்டகாங் மலைப்பகுதியின் பிரதிநிதி மானவேந்திர நாராயண் லார்மா எதிர்த்தார். தாம் சக்மா என்பதும், வங்கதேசக் குடிமகனாக இருப்பதற்கு வங்காளியாக இருக்கத் தேவையில்லை என்பதும் அவர் வாதம். அவ்வாதம் ஏற்கப்படவில்லை. பின்னர் குடிமக்களின் பெயர் ‘வங்கதேசி’ என மாற்றப்பட்டது. 2011இல் நிறைவேறிய 15ஆவது திருத்தமோ, மக்கள் ‘ஜாதி’யால் வங்காளிகள், குடியுரிமையால் வங்கதேசிகள் என இரண்டையும் பிரித்து எழுதியது. அதே திருத்தம் பண்பாட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுமிடத்தில் சக்மா போன்ற மக்களுக்கு ‘உபஜாதி’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. இந்தியில் உட்சாதியைக் குறிக்கும் அச்சொல், அங்கே பழங்குடியைக் குறிக்கிறது. தேசம் ‘ஜாதி’ எனில், அதற்குள் பிறவாதவர் ‘உப’ என்னும் முன்னொட்டோடுதான் இடம்பெற முடிகிறது.

இலங்கையில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. சிங்களத்தில் ‘ஜாதிய’ இனத்தையும் குறிக்கும், தேசத்தையும் குறிக்கும். சிங்கள இனமும் இலங்கைத் தேசமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. தமிழில் ‘இனப்பிரச்சினை’ எனப்படுவது சிங்களத்தில் ‘ஜாதிக பிரஷ்ணய’. தமிழ்ச் சொல்லைக் கேட்பவர் இரு இனங்களுக்கிடையிலான பிணக்கை எண்ணுவார்; சிங்களச் சொல் தேசத்தின் பிரச்சினை என்றும் பொருள்படும். பேச்சுவார்த்தையில் இரு தரப்பும் ஒன்றையே பெயரிட்டதாக எண்ணிக்கொள்ள முடியும். பெயரிட்டது ஒன்றையே அல்ல.

‘ஜாதீயதாவாத்’ என்ற வங்காளிச் சொல்லை எவரும் தமிழில் சாதியவாதம் என்று பெயர்க்கப்போவதில்லை. தேசியவாதம் என்றே எழுதுவர். அது சரியான மொழிபெயர்ப்பே. ஆனால் தமிழில் ‘தேசம்’ முதன்மையாக நிலத்தைக் குறிக்கும் சொல். அந்நிலத்தில் வாழ்பவர் எவரும் அதற்குள் அடங்கலாம். ‘ஜாதி’ பிறப்பைக் குறிக்கும் சொல். லார்மா எழுப்பிய வினா இவ்விரண்டின் இடைவெளியைப் பற்றியது. சரியான மொழிபெயர்ப்பில் அந்த வினா மறைந்துவிடுகிறது. மூல மொழியில் மட்டுமே அது கண்ணுக்குத் தெரிகிறது.